வெர்டி 'லியர் அரசன்' நாடகத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை?

கேள்வி · 27 ஜனவரி, காலை

1901-ல் இதே நாளில்தான் இத்தாலிய ஓபரா (இசைநாடக) இசையமைப்பாளர் வெர்டி மிலானில் காலமானார். நெடுநாளாக மனதில் இருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். இரண்டே மாதத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த மனிதர் அவர். அதனால்தான் அவருடைய ஓபராக்களில் அப்பா–மகள் காட்சி வந்தால் கல்லும் கரைகிறது: ரிகொலெட்டோவும் ஜில்டாவும், சிமோனும் அமேலியாவும், மில்லரும் லூயிசாவும். அதே காரணத்தால்தான் பல வருடம் ஆசைப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' மட்டும் கைகூடாமல் போனது. செத்த மகளைக் கையில் ஏந்திவரும் அப்பாவுக்கு இசை எழுத அவருக்கு மனம் துணியவில்லை. நான் நினைப்பது சரியா?

27 ஜனவரி, இரவு

முதலில் அந்த இரண்டு மாதக் கணக்கு. அது தப்பு. ஆனால் தப்பைத் தொடங்கிவைத்தவர் வெர்டியேதான்.

மகள் விர்ஜீனியா 1837 மார்ச் 26-ல் பிறந்து 1838 ஆகஸ்ட் 12-ல் இறந்தாள். பதினாறு மாதக் குழந்தை. அப்போது குடும்பம் புஸ்ஸெட்டோவில் இருந்தது. மகன் இசீலியோ 1838 ஜூலையில் பிறந்தான். 1839 அக்டோபர் 22-ல் மிலானில் இறந்தான். மனைவி மார்கரீட்டா மூளைக்காய்ச்சலில் போனது 1840 ஜூன் 18. அவருக்கு வயது 26. முதல் சாவுக்கும் கடைசிச் சாவுக்கும் நடுவே 22 மாதம்.

1879-ல் பதிப்பாளர் ஜூலியோ ரிகோர்டியிடம் வெர்டி தன் இளமையைச் சொல்லும்போது இந்த மூன்றையும் 1840 ஏப்ரலில் தொடங்கி ஜூனுக்குள் நடந்ததாகச் சொல்லிவிட்டார். மகன் முதலில், சில நாளில் மகள், பிறகு மனைவி என்று வரிசையும் மாறிப்போனது. நாற்பது வருடம் கழித்து அந்தத் துக்கம் அவர் மனதில் ஒரே கட்டியாக உறைந்திருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைவை அப்படியே எடுத்து அதன்மேல் ஒரு கொள்கையைக் கட்டினால் அது நிற்காது.

28 ஜனவரி

இரண்டாவது, துக்கத்திலிருந்து நேராகத் துயர நாடகம் பிறக்கும் என்ற எண்ணம். இதற்கு எதிரான சாட்சி வெர்டியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மார்கரீட்டா இறந்த சமயத்தில் அவர் கையில் இருந்த வேலை ஒரு நகைச்சுவை ஓபரா, 'ஒருநாள் ராஜா'. ஒப்பந்தம் போட்டாயிற்று, எழுதி முடித்தார். 1840 செப்டம்பர் 5-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் மேடையேறி ஒரே இரவோடு படுத்துவிட்டது.

இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியையும் பாருங்கள். அவருக்குப் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. மனைவி பெயரும் விர்ஜீனியா. 1837 ஜூலை 30-ல் இறந்தார். அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றில்தான் 'பட்டாளத்தின் மகள்' (1840), 'டான் பாஸ்குவாலே' (1843) இரண்டும் வருகின்றன. இரண்டும் சிரிக்கச் சிரிக்க எழுதியவை. துயரத்தின் உச்சமான 'லூச்சியா' 1835-லேயே முடிந்துவிட்டது, மனைவி உயிரோடு இருந்தபோது.

29 ஜனவரி

வெர்டியின் மேடையில் அம்மாக்கள் ஏன் இத்தனை குறைவு, அப்பாக்கள் ஏன் இத்தனை அதிகம்? இதற்கு விடை கல்லறையில் இல்லை, கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

அன்றைய இத்தாலிய அரங்கு ஒரு பருவத்துக்குப் பாடகர்களை மொத்தமாக அமர்த்தும். முதல் சொப்ரானோ (உச்சப் பெண்குரல்), முதல் டெனர் (உயர்ந்த ஆண்குரல்), முதல் பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்), ஒரு பாஸ் (அடி ஆண்குரல்). இவர்களுக்குத்தான் பெரிய சம்பளம். மற்றவர்கள் துணைப்பாத்திரக்காரர்கள், தோழி, தூதன், காவலாளி வேஷம் கட்டுவார்கள். நாயகி சொப்ரானோ, காதலன் டெனர் என்று ஆனபின் மிச்சம் இருக்கும் பெரிய குரல் பாரிடோன். அவருக்கு என்ன உறவு கொடுப்பது? போட்டிக் காதலன், அண்ணன், அல்லது அப்பா. அம்மா வேண்டுமென்றால் இன்னொரு முதல்தரப் பெண்குரலுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 'இல் த்ரொவத்தோரே'யில் (1853) அசூசேனா என்ற அம்மாவுக்கு அதைச் செய்தார். அந்த ஓபராவின் அச்சே அவள்தான் என்பதால் செலவு தகும்.

இன்னொன்று, வெர்டி பாரிடோனின் மேல்ஸ்தாயியைத் தன் முன்னோர்களைவிட அதிகமாக வேலை வாங்கினார். இனிமையும் இறுக்கமும் ஒன்றாகக் கேட்கிற இடம் அதுதான். ஃபெலிச்சே வரேசி என்ற ஒரே பாடகர் முதல் மக்பெத் (1847), முதல் ரிகொலெட்டோ (1851), 'லா த்ராவியாத்தா'வில் காதலனின் அப்பாவான முதல் ஜெர்மோன் (1853) மூன்றையும் செய்திருக்கிறார். நாம் 'வெர்டியின் அப்பா' என்று உருகுவதில் ஒரு பங்கு இந்த மனிதரின் தொண்டைக்கும் சேர வேண்டும்.

30 ஜனவரி

"அப்படியானால் வாழ்க்கைக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. பிறந்த தேதி, இறந்த தேதியை வைத்துக் கண்டுபிடிக்கிற சம்பந்தம் இல்லை என்றுதான் சொல்கிறேன். அவர் எந்தக் கதையைத் தேடிப்போனார், எதற்காகச் சண்டை போட்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்த்தால் அந்த மனிதர் தெரிவார். லியர் விவகாரம் அதற்கு நல்ல இடம்.

1 பிப்ரவரி

லியர் விவகாரம் நடந்த வரிசையைத் தருகிறேன். கொஞ்சம் நீளும்.

1850 பிப்ரவரி 28: வெர்டி, நேப்பிள்ஸில் இருந்த கவிஞர் கம்மரானோவுக்கு லியரின் காட்சித் திட்டத்தைத் தானே எழுதி அனுப்புகிறார். முதல் பார்வைக்கு இதை ஓபராவாக்கவே முடியாது என்று தோன்றும், ஆனால் தாண்ட முடியாத தடை இல்லை. வழக்கமான அச்சில் வார்க்காமல் முற்றிலும் புதிய முறையில் செய்ய வேண்டும் என்கிறார். முதன்மைப் பாத்திரங்கள் ஐந்து: லியர், கடைசி மகள் கார்டீலியா, விதூஷகன், எட்மண்ட், எட்கர். 29-ஆம் தேதி எழுதிய பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நான்கு பெரிய குரல்களுக்கே மூச்சு முட்டுகிற அரங்கில் ஐந்து முதன்மைப் பாத்திரங்கள். மூத்த மகள்கள் இருவரும், கென்ட்டும், க்ளோஸ்டரும் அதற்கு மேல்.

1852 ஜூலை: கம்மரானோ இறந்துபோகிறார். 'த்ரொவத்தோரே'யின் பாடல் பிரதியே பாதியில் நின்றது. அதை வேறொருவர் முடித்துக்கொடுத்தார். லியர் அனாதையானது.

1853 முதல்: வெனிஸில் வக்கீலாகவும் நாடக ஆசிரியராகவும் இருந்த அந்தோனியோ சொம்மா அதை எடுத்துக்கொள்கிறார். ஓபராவுக்கு எழுதிப் பழகாதவர். வெர்டி கடிதம்மேல் கடிதமாக அவருக்குப் பாடம் நடத்துகிறார்: வரியைக் குறை, யாப்பை மாற்று, இந்த இடத்தில் பேச்சு நீளுகிறது. அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று உண்டு, காட்சி மாற்றம். ஷேக்ஸ்பியரை அடிக்கடி கையிலெடுக்க விடாமல் தன்னைத் தடுத்ததே இதுதான் என்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் அங்கத்துக்கு ஒரே காட்சி என்று வைத்திருப்பதே சரி என்று நினைத்தார்.

இந்தக் குறையின் கனம் எண்ணிப் பார்த்தால்தான் புரியும். இன்றைய பதிப்புகளில் லியர் நாடகத்துக்கு 26 காட்சிகள். ஷேக்ஸ்பியரின் மேடைக்கு அது பிரச்சினையே இல்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வருவார், இடம் மாறியது என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரங்கில் ஒவ்வொரு இடத்துக்கும் வரைந்த திரை, மரக்கட்டுமானம், ஆட்கள். மாற்றும் நேரத்தில் இசை நிற்கும், ஜனம் பேச ஆரம்பிக்கும், சூடு ஆறிவிடும். 'ரிகொலெட்டோ'வுக்கு மொத்தம் நான்கு காட்சி அமைப்புகள்தான்: அரண்மனை மண்டபம், தெருவோடு வீடு, அரண்மனை முன்கூடம், ஆற்றங்கரைச் சத்திரம்.

1856: நேப்பிள்ஸ் சான் கார்லோ அரங்குக்கு லியரைக் கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கார்டீலியாவுக்கு மரியா பிக்கொலோமினி வேண்டும் என்பது வெர்டியின் நிபந்தனை. அரங்கம் காட்டியது ரோசினா பென்கோவை. பென்கோ சாதாரணப் பாடகி இல்லை, 'த்ரொவத்தோரே'யின் நாயகி லெயோனோராவை முதன்முதலில் பாடியவரே அவர்தான். ஆனாலும் வெர்டி மறுத்துவிட்டார். விதூஷகன் வேஷத்துக்குக் கன்ட்ரால்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் வேண்டும் என்பதும் அவர் திட்டத்தில் இருந்தது. கடைசியில் நேப்பிள்ஸுக்கு லியர் போகவில்லை. அதே சொம்மாவை வைத்து வேறு கதை எடுத்தார். அதுதான் 'முகமூடி நடனம்'. தணிக்கையோடு மல்லுக்கட்டி 1859 பிப்ரவரி 17-ல் ரோமில் அரங்கேறியது.

ஆக, லியர் நின்றதற்கு நமக்குக் கையில் கிடைக்கும் காரணங்கள் இவை: எழுதுகிறவர் செத்தார், அடுத்தவருக்கு அனுபவம் போதவில்லை, காட்சிகள் அதிகம், கார்டீலியா கிடைக்கவில்லை. மகள் விர்ஜீனியாவின் பேச்சே இதில் எங்கும் இல்லை.

2 பிப்ரவரி

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. வெர்டிக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஷேக்ஸ்பியரை ருஸ்கோனியின் உரைநடை மொழிபெயர்ப்பிலும் கர்க்கானோவின் செய்யுள் மொழிபெயர்ப்பிலும் படித்தவர். அப்படியும் 1865-ல் பாரிஸில் 'மக்பெத்' திருத்திய வடிவம் போனபோது, ஷேக்ஸ்பியரை இவருக்குத் தெரியாது என்று யாரோ எழுதிவிட, மனிதருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சின்ன வயதிலிருந்து கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பவன் நான் என்று பதில் எழுதினார்.

3 பிப்ரவரி

"வெர்டியின் முதல் அப்பா–மகள் ஓபரா 'நபுக்கோ' (1842) தானே, மூன்று சாவுக்கும் பிறகு எழுதியதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவருடைய முதல் ஓபரா 'ஒபெர்த்தோ'விலேயே ஏமாற்றப்பட்ட மகளும் மானம் காக்கச் சண்டைக்குப் போய்ச் சாகும் அப்பாவும் இருக்கிறார்கள். அரங்கேற்றம் 1839 நவம்பர் 17; இசீலியோ இறந்து 26-ஆம் நாள். இந்தக் கணக்கு உங்கள் பக்கம் சாய்வதாகத் தோன்றலாம். ஆனால் ஓபராவை 26 நாளில் எழுதி, ஒத்திகை பார்த்து மேடையேற்ற முடியாது. அந்தக் கதையைப் பிடித்தபோது மகன் உயிரோடுதான் இருந்தான்.

4 பிப்ரவரி

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இரண்டு தேதிகள்.

லியர் திட்டம் கம்மரானோவுக்குப் போனது 1850 பிப்ரவரி கடைசி. அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள், ஏப்ரல்–மே மாதங்களில், அவர் இன்னொரு கவிஞர் பியாவேக்குக் கடிதம் எழுதுகிறார். விக்டர் ஹ்யூகோவின் நாடகம் ஒன்றைப் பற்றி. அது 1832-ல் பாரிஸில் ஒரே ஒரு நாள் நடந்து தடையானது. அதன் நாயகன் த்ரிபூலே, கூன் விழுந்த அரசவை விதூஷகன். ஷேக்ஸ்பியருக்கு ஈடான படைப்பு இது என்று வெர்டி துள்ளுகிறார். இவன்தான் அடுத்த மார்ச்சில் ரிகொலெட்டோவாக வந்தான்.

லியரில் இருப்பவற்றை எண்ணுங்கள். மகளை இழக்கும் அப்பா. விதூஷகன். ஒரு சாபம். புயல். கடைசியில் செத்த மகள் கையில். 'ரிகொலெட்டோ'வில் இந்த ஐந்தும் இருக்கின்றன. அங்கே இருவராக இருந்த அப்பாவும் விதூஷகனும் இங்கே ஒரே உடம்பு. லியர் சாபம் கொடுக்கிறான், ரிகொலெட்டோ சாபம் வாங்குகிறான். ஐந்து பெரிய பாத்திரங்கள் கேட்ட கதையை அவர் மூன்று குரலுக்குள் மடித்துவிட்டார்.

அதனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியை என்னால் ஏற்கவே முடியவில்லை. மகளின் பிணத்தோடு நிற்கும் அப்பாவுக்கு இசை எழுத அவர் பயந்தார் என்கிறீர்கள். 1851 மார்ச் 11-ல் வெனிஸில் அதை எழுதிக் காட்டிவிட்டாரே! கொலையான மகளை அடைத்த அந்தச் சாக்குமூட்டைக்காக அவர் தணிக்கையோடு போட்ட சண்டையைப் பாருங்கள். கூன் வேண்டாம், சாக்கு வேண்டாம் என்றார்கள். சாக்கை எடுத்துவிட்டால் அரைமணி நேரம் பிணத்தோடு பேசிக்கொண்டிருப்பதை யார் நம்புவார் என்கிற ரீதியில் பதில் போனது. அரசன் பெயரையும் நாட்டையும் விட்டுக்கொடுத்தார்; பிரான்ஸ் அரசன் மாந்துவா கோமகன் ஆனான். கூனையும் சாக்கையும் விடவில்லை.

5 பிப்ரவரி

இன்றைய தேதியில்தான் 1887-ல் லா ஸ்காலாவில் 'ஒத்தெல்லோ' அரங்கேறியது. அங்கத்துக்கு ஒரே காட்சி என்று வெர்டி சொம்மாவுக்குப் போதித்ததை இங்கே பாடல் பிரதி எழுதிய போய்ட்டோ அப்படியே செய்திருக்கிறார்: நான்கு அங்கம், நான்கு இடம். ஷேக்ஸ்பியரின் முதல் அங்கத்தை, வெனிஸ் பகுதி முழுவதையும், தூக்கிவிட்டு நேராகக் கடற்புயலில் தொடங்கினார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் எண்ணூறுக்குள் அடங்கின. வெட்டிய அங்கத்தின் சாரத்தை முதல் அங்கக் காதல் பாட்டுக்குள் நினைவுகூரலாக வைத்துவிட்டார். அங்கே வரும் முத்த இசைதான் கடைசியில் ஒத்தெல்லோ சாகும்போது திரும்ப வருகிறது.

1853-ல் சொம்மா இருந்த இடத்தில் ஒரு போய்ட்டோ இருந்திருந்தால் லியர் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

7 பிப்ரவரி

"ரிகொலெட்டோவின் அப்பாவை எந்த இடத்தில் கேட்டுப் பழகுவது?" என்ற கேள்விக்கு: இரண்டாம் அங்கத்தில் அரசவைக்காரர்களைத் திட்டும் பாட்டு, 'கோர்த்திஜானி'. அதை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்காதீர்கள். அவன் மேடைக்கு வரும் இடத்திலிருந்து கேளுங்கள்.

அவன் 'லாரா, லாரா' என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். முந்தின இரவு மகளைத் தூக்கிப்போனவர்கள் எதிரே நிற்கிறார்கள். அவள் இவனுடைய ஆசைநாயகி என்பது அவர்கள் நினைப்பு. கண்கள் மட்டும் தேடிக்கொண்டிருக்க, வாய் கவலையில்லாதவன்போலப் பாடுகிறது. ஒரு பணியாள் வந்து கோமகனைக் கேட்கிறான், இப்போது பார்க்க முடியாது என்கிறார்கள். அந்த ஒரு பதிலில் அவனுக்குப் புரிந்துவிடுகிறது: அவள் உள்ளே இருக்கிறாள். 'என் மகள்' என்று கத்திவிடுகிறான். மகளா என்று அவர்கள் திகைக்கிறார்கள்.

பிறகு பாட்டு மூன்று படியாக இறங்குகிறது. முதலில் வசை, தந்திக்கருவிகள் கீழே கொதிக்கின்றன, அவன் கதவை நோக்கி ஓடுகிறான், மறிக்கிறார்கள். இரண்டாவது, அழுகை, குரல் உடைந்து துண்டு துண்டாக வருகிறது, மருல்லோ என்பவனிடம் தனியாகக் கெஞ்சுகிறான். மூன்றாவது, எல்லோரிடமும் யாசகம். டி ஃப்ளாட் மேஜர், ஒற்றைச் செல்லோ அடியில் சுழன்றுகொண்டே இருக்க, கோர் ஆங்லே என்ற ஊதுகருவி குரலோடு கூட வருகிறது.

அன்றைய வழக்கம் மெதுவில் தொடங்கி வேகத்தில் முடிப்பது. முடிவில் கைத்தட்டல் விழ வேண்டும். வெர்டி தலைகீழாகப் போட்டிருக்கிறார். கெடுவதும் இங்கேதான். பாடுகிறவர் வசைப் பகுதியில் குரலை முழுக்கக் கொட்டிவிட்டால், மூன்றாம் பகுதியின் நீண்ட இழைப்புக்கு மூச்சு மிஞ்சாது. யாசகம் கேட்கிறவன் மறுபடியும் அதட்டுகிறவன் மாதிரி ஒலிப்பான். ஒரு பதிவு நல்லதா என்று பார்க்க நான் முதல் பகுதியைக் கேட்பதே இல்லை, செல்லோ தொடங்கிய பிறகு அந்தக் குரலில் இறுமாப்பு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இன்னொரு சோதனை: முதல் அங்கத்துத் தனிமொழி 'பாரி சியாமோ'வின் கடைசி வரி. சாபத்தை நினைத்துப் பயந்து 'பைத்தியக்காரத்தனம்' என்று உதறும் இடம். வெர்டி எழுதியது ஈ சுரம். மேடை வழக்கத்தில் மேலே ஜி-க்கு ஏற்றி நீட்டுவார்கள். நீட்டினால் வீரம் தெரியும், அந்த உதறலுக்குள் இருக்கும் நடுக்கம் போய்விடும். எழுதியபடி பாடுபவர்களைத் தேடிக் கேளுங்கள்.

8 பிப்ரவரி

குரல் பேச்சு வந்ததால் 'மக்பெத்' பற்றி ஒரு வார்த்தை. 1848 நவம்பரில் நேப்பிள்ஸில் லேடி மக்பெத் வேஷத்துக்குத் ததோலினி என்ற பாடகியைப் போடப்போவதாகக் கேள்விப்பட்டு வெர்டி கம்மரானோவுக்கு எழுதினார். அவர் அழகாக இருக்கிறார், பாட்டு குறையே இல்லாமல் இருக்கிறது, அதனால் வேண்டாம் என்றார்! அவருக்கு வேண்டியது கரகரத்த, அடைத்த, இருண்ட குரல். இருவர் பாடும் கொலைக்காட்சியையும் தூக்கத்தில் நடக்கும் காட்சியையும் பாடவே கூடாது, நடித்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. பென்கோவை மறுத்ததும் இதே குணம்தான். பாத்திரத்துக்கு ஒட்டாத நல்ல குரலைவிட, ஓபராவே இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தவர்.

11 பிப்ரவரி

பத்து நாளாக ஒன்று உறுத்துகிறது. 1-ஆம் தேதி நான் எழுதியது முழுவதும் 1850-களுக்குத்தான் பொருந்தும். 1887-க்குப் பிறகு அந்தக் காரணங்கள் எதுவும் செல்லாது. போய்ட்டோ கூடவே இருக்கிறார், பணம் இருக்கிறது, எந்தப் பாடகர் வேண்டுமென்றாலும் கிடைப்பார். 1893-ல் 'ஃபால்ஸ்டாஃப்' வரை எழுதியவர் லியரைத் தொடவில்லை.

1896-ல் இளைய இசையமைப்பாளர் மஸ்காஞ்ஞியிடம், லியருக்காகச் சேர்த்துவைத்ததைத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். நீங்களே ஏன் எழுதவில்லை என்று மஸ்காஞ்ஞி திருப்பிக் கேட்க, வெட்டவெளியில் லியர் தனியாக நிற்கும் காட்சி தன்னைப் பயமுறுத்தியது என்று வெர்டி சொன்னதாக மஸ்காஞ்ஞி சொல்லியிருக்கிறார்.

ஆக, பயம் இருந்தது. அந்த அளவுக்கு உங்கள் கேள்வி சரி, என் பதிலில் அந்த இடம் விடுபட்டுவிட்டது. ஆனால் அவர் சுட்டிய காட்சியைக் கவனியுங்கள், கார்டீலியா செத்துக் கிடக்கும் காட்சி இல்லை அது. புயலில் மகள் யாரும் பக்கத்தில் இல்லை. 'ரிகொலெட்டோ'வில் புயல் வெளியே வீசுகிறது. ஆண்கள் கோரஸ் திரைக்குப் பின்னால் வாய்மூடி முனகுவதுதான் அந்தக் காற்று, உள்ளே ஒரு கொலை நடக்கிறது. லியரில் புயலும் புத்திபேதலிப்பும் ஒன்று. அதை இசைக்குழுவுக்குக் கொடுத்தால் மனிதன் காணாமல் போவான், குரலுக்குக் கொடுத்தால் புயல் சிறுத்துவிடும். அந்தக் கடினம் தெரிந்தவரின் பயம் அது என்றே எனக்குப் படுகிறது.

12 பிப்ரவரி

லியருக்கு எழுதிய இசை எங்காவது இருக்கிறதா என்று கேட்டவருக்கு: ஓபரா என்று காட்ட எதுவும் இல்லை, சொம்மாவின் பாடல் பிரதி மட்டும் உண்டு. ஆனால் அவர் கார்டீலியாவுக்கு எழுதிய வரிகளில் சில, 1862-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய 'விதியின் வலிமை'க்குப் போய்ச் சேர்ந்தன. முதல் அங்கத்தில் லெயோனோரா பாடும் 'மே பெல்லெக்ரீனா எத் ஓர்ஃபனா'. அனாதையாக, ஊர் ஊராகப் போகப்போகிறேன் என்று, அப்பாவின் வீட்டைவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிற மகளின் பாட்டு. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் காதலன் வருகிறான், அப்பாவும் வந்துவிடுகிறார். சரணடைவதற்காகக் காதலன் கீழே எறிந்த துப்பாக்கி தானாக வெடிக்கிறது. மகளைச் சபித்துக்கொண்டே அப்பா சாகிறார்.